காணாமல்போன நாற்பத்தாறு மாட்யூல்கள்

நாற்பத்தாறு மாட்யூல்களை நான்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று எங்கள் ஆபீசில் மூன்று வாரம் பேசிக்கொண்டார்கள். அப்போது அது பொய். நாலாவது வாரம் உண்மையாகிவிட்டது. அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் மாட்யூல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். நான் வேலை பார்ப்பது பஸ் வாரியத்தின் கணினிப் பிரிவில். பஸ் நிறுத்தத்து ஸ்கிரீனில் "பதினாலாம் நம்பர், ஐந்து நிமிடம்" என்று வருகிறதே, அதை வரவைப்பது எங்கள் புரோகிராம். ஜாவாவில் எழுதியது. பெரிய புரோகிராம் என்பதால் நாற்பத்தேழு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். வழித்தடத்துக்கு ஒன்று, டிரைவர் ஷிப்டுக்கு ஒன்று, ஸ்கிரீனுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஒரு பெரிய ஃபோல்டர். அந்தப் பெரிய ஃபோல்டரில் பேரன்ட் ஃபைல் என்று ஒன்று இருக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அதில் உண்டு. பில்டு டூல் என்கிற இன்னொரு புரோகிராம் அந்தப் பட்டியலைப் பார்த்து, எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்று தானே முடிவுசெய்து, நாற்பத்தேழையும் கட்டிமுடித்து ஸ்கிரீன்களுக்கு அனுப்பிவைக்கும். பஸ் நேரம் மாறினால் மறுபடி கட்டி அனுப்ப வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்து எழுதுவது ஐ.டி.இ. என்ற மென்பொருளில். அதில் பெரிய ஃபோல்டரைத் திறந்தால் இடதுபக்கம் நாற்பத்தேழு மாட்யூலும் வரிசையாகத் தெரியும். உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஃபோல்டரை மட்டும் திறந்தால் அந்த ஒன்று மட்டும்தான் தெரியும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "சமையலறையைக் காணோமே" என்றால் எப்படி இருக்கும், அப்படி. அவ்வளவுதான் விஷயம். இது உங்களுக்குப் புரிந்துவிட்டதென்றால், எங்கள் இணை இயக்குநரைவிட நீங்கள் இரண்டு படி மேலே இருக்கிறீர்கள்.

என் வயது நாற்பத்திரண்டு. ஆபீசில் என்னைப் "புதுசு" என்பார்கள். பிள்ளை பெற்று, பார்த்த வேலையை இழந்து, பதினோரு வருஷம் வீட்டோடு இருந்து, பிறகு சின்னப் பையன்களோடு பரீட்சை எழுதி உள்ளே வந்தவள். ஒரு வருஷம் தகுதிகாண் காலம். அது முடியும் வெள்ளிக்கிழமை நிரந்தரம் என்று எழுதினால் வேலை உண்டு. எழுதாவிட்டால் திரும்ப வீட்டுக்குத்தான். இந்த வயதில் இன்னொரு இடத்தில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அந்த வெள்ளிக்கிழமைக்கு நாலு வாரம் இருக்கும்போதுதான் இணை இயக்குநர் புராஜெக்டைத் திறக்க வந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து புராஜெக்டைத் "திறந்து பார்வையிடுவது" அவர் வழக்கம். அதற்கென்றே ஒரு மவுஸ் பெட்டியோடு பீரோவில் இருக்கிறது. அவர் வரும் நாளில் வெளியே எடுத்து, துடைத்து, மேஜையில் வைப்போம். போனதும் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். வழக்கமாக எங்கள் பிரிவுத் தலைவர் புராஜெக்டை முன்கூட்டியே திறந்துவைத்திருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமாதானம். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் சரி என்பார். அன்றைக்கென்று பார்த்து ஐ.டி.இ. தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, எந்த ஃபோல்டரைத் திறக்கட்டும் என்று கேட்டு நின்றது.

"தள்ளுங்க, நானே திறக்கறேன்" என்றார் இணை இயக்குநர்.

பெரிய ஃபோல்டரைத் தாண்டி உள்ளே போனார். இன்னும் உள்ளே போனார். "பொது" என்ற மாட்யூலின் ஃபோல்டரைத் திறந்தார். சுவரில் பெரிதாக அந்த ஒரே ஒரு மாட்யூல் வந்து நின்றது.

"மத்ததெல்லாம் எங்கே?"

அந்த அறையில் பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பேருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் அவர் தன் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று சத்தம் போட, மானிட்டர் சுவிட்சைப் போடவில்லை சார் என்று ஒரு பையன் சொல்லிவிட்டானாம். கெட்டிக்காரப் பையன். இன்றைக்கும் டிப்போவில் டயர் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். சமாதானம் என் காலை மிதித்தார். ஷூ போட்ட கால்.

"இவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. கடைசியா இதுல கை வச்சது யாரு? பாருங்க" என்றார் இணை இயக்குநர்.

பார்த்தார்கள். கடைசியாகக் கை வைத்தவள் நான். இரண்டு நாளைக்கு முன் பேரன்ட் ஃபைலில் ஒரு காலி வரி கண்ணை உறுத்தியது என்று அழித்திருந்தேன். என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. "தேவையில்லாததை நீக்கினேன்" என்று எழுதியிருந்தேன். என் வாயில் மட்டுமில்லை, விரலிலும் சனி.

இணை இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "பதினாறு வருஷ உழைப்பு இந்த மேடத்துக்குத் தேவையில்லாததாப் போச்சு! ஒவ்வொரு மாட்யூலுக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எழுதறது யார் வேணாலும் எழுதிடலாம். கையெழுத்துப் போட ஒரு தகுதி வேணும். ஒரு மாட்யூலையாவது நான் உள்ளே திறந்து பார்த்திருப்பேனா? கிடையாது. அவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன்!"

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. "நாற்பத்தாறு மாட்யூல்களைத் தாங்கள் எங்கு வைத்துள்ளீர்கள், என்ன நோக்கத்துக்காக எடுத்தீர்கள், எந்த வாகனத்தில் கொண்டு சென்றீர்கள் என்பதை மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டும்." விளக்கினேன். எதையும் எடுக்கவில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். நாலு பக்கம் எழுதுகிறவள் நிச்சயம் எதையோ மறைக்கிறாள் என்று விசாரணைக் குழு போட்டார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து வாசல் காவலாளி என் பையைச் சோதிக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். சங்கடத்தோடுதான் சோதிப்பார்.

"மாட்யூல் ஏதாவது இருக்காம்மா?"

"இல்லண்ணே."

"இந்த டப்பாவுல?"

"அது சாப்பாட்டு டப்பாண்ணே. காலி."

"மாட்யூல்னா பார்க்க எப்படிம்மா இருக்கும்? தெரிஞ்சா தேட வசதியா இருக்கும்" என்பார். என்னத்தைச் சொல்ல!

விசாரணைக் குழுவின் தலைவர், வாரியத்தின் உதிரிபாகக் கிடங்கில் முப்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கிடங்கு ஐயா என்பார்கள். ஒரு போல்ட், ஒரு நட்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாராம். அவருக்கு ஜாவாவும் தெரியாது, காவாவும் தெரியாது. முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு மாட்யூல் எத்தனை கிலோ இருக்கும்?"

"எடையே கிடையாது சார்."

அவர் குறித்துக்கொண்டார்: "எளிதில் எடுத்துச் செல்லக்கூடியது."

பொறுமையாகச் சொன்னேன். "சார், எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு. பில்டு ஓட்டிப் பாருங்க, அதுவே சொல்லும்."

பில்டு டூலைச் சாட்சியாக ஏற்பதா கூடாதா என்று அரை நாள் பேசினார்கள். பிறகு ஓட்டினார்கள். பதினோரு நிமிடம் ஓடியது. ஒவ்வொரு மாட்யூலின் பெயரையும் சொல்லி, பக்கத்தில் "வெற்றி, வெற்றி" என்று நாற்பத்தேழு தடவை போட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை அச்செடுத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கிடங்கு ஐயா கையெழுத்துப் போட்டு முடிக்க ஒன்றரை நாள் ஆனது. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எத்தனையோ களவு பார்த்தவன்மா. உண்மையா ஜெயிச்சவன் ஒரு தடவை சொல்லுவான். இது நாப்பத்தேழு தடவை சொல்லுது. அதுவும் யாரும் கேக்காமலே. இது உங்களுக்கு வேண்டப்பட்ட சாட்சி."

அன்றைய குறிப்பில் இப்படி எழுதினார்கள்: "மாட்யூல்கள் உரிய இடத்தில் காணப்படவில்லை. எனினும் தவறாமல் பணிக்கு வந்துகொண்டிருக்கின்றன." எங்கள் வாரியத்தில் இதற்கு நேர்மாறானவர்களைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை சமையலறையில் என் மகள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. வாய் இருபத்தாறு.

"அவர் தப்பான ஃபோல்டரைத் திறந்துட்டார்னு சொல்லிடேன்மா."

"சொல்ல முடியாதுடி."

"ஏன்? எங்க கிளாஸ்ல யாராவது இப்படித் திறந்தா ஒரு வாரம் ஓட்டுவோம்."

"உங்க கிளாஸ்ல யாரும் இணை இயக்குநர் இல்ல."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "கொஞ்சம் பணிஞ்சு போயேன். வேலைதானே முக்கியம்? இன்னும் எத்தனை நாள்?"

"பதினாறு நாள்."

"பதினாறு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

"முடியும். எல்லாரும் மூடிக்கிட்டு இருக்கறதாலதான் இந்தக் கண்றாவியே" என்றேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இணை இயக்குநர் மீட்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார். பன்னிரண்டு பேர், தனி அறை, கதவில் பலகை. காணாமல்போன நாற்பத்தாறு மாட்யூல்களையும் மீண்டும் உருவாக்குவது அவர்கள் வேலை. உருவாக்கினார்கள். மூன்றே நாளில். ஒவ்வொன்றும் ஒரு காலி ஃபோல்டர். உள்ளே பெயர் எழுதின ஒரு ஃபைல், வேறொன்றுமில்லை. இணை இயக்குநர் திறக்கும் அதே "பொது" ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் அடுக்கினார்கள், திறந்ததும் அவருக்குத் தெரிய வேண்டுமே. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முறைப்படி இருக்க வேண்டும் என்று பேரன்ட் ஃபைல் பட்டியலிலும் நாற்பத்தாறையும் சேர்த்தார்கள்.

அந்தப் பட்டியலில் ஏற்கெனவே அதே நாற்பத்தாறு பெயர்கள் இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தார்கள். மேலே "பழைய இருப்பு" என்று ஒரு தலைப்புப் போட்டுவிட்டு, கீழே "புதிய இருப்பு" என்று எழுதினார்கள்.

இணை இயக்குநர் திறந்து பார்த்தார். வரிசையாக நாற்பத்தாறு ஃபோல்டர். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "முன்னைவிட சுத்தமா இருக்கு. முன்னே எல்லாம் உள்ளே என்னென்னவோ எழுதி அடைச்சு வச்சிருந்தாங்க" என்றார்.

பில்டு டூலுக்குக் கண்ணும் கலங்காது, பதவியும் தெரியாது. ஒரே பெயரில் இரண்டு மாட்யூல் இருந்தால் அது ஓர் அடி எடுத்து வைக்காது. ஒரே வரியில் "தோல்வி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

கிடங்கு ஐயா மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா! இப்பத்தான் சாட்சி உண்மையைப் பேசுது. ஒரே வார்த்தை!"

பில்டு நின்றதால் புதிய பஸ் நேரங்கள் ஸ்கிரீனுக்குப் போகவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை நிறுத்தத்திலும் செவ்வாய்க்கிழமை நேரமே வெள்ளி வரைக்கும் ஓடியது. ஜனங்கள் ஸ்கிரீனைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதும் எங்களைத் திட்டுவதுமாக நின்றார்கள். என் மகள் ஒரு நாள் நாற்பது நிமிடம் நின்று பார்த்துவிட்டு, நடந்தே போய், வேதியியல் செய்முறைத் தேர்வுக்குத் தாமதமாக நுழைந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு நேராகப் படுக்கப் போய்விட்டாள்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை சமாதானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேஜையில் ஒரு கடிதம், டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"படிச்சுப் பாருங்க மேடம். எல்லாருக்கும் நல்லது."

படித்தேன். "குடும்பச் சூழ்நிலையால் ஏற்பட்ட மன உளைச்சலில் மாட்யூல்களை இடம் மாற்றிவிட்டேன். தற்போது திருப்பி வைத்துவிட்டேன். மன்னிக்கவும்."

"நான் எதையும் எடுக்கலயே சார். அது உங்களுக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேணாம்னுதான் சொல்றேன். நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் அவர் கம்ப்யூட்டர்ல பெரிய ஃபோல்டரைத் திறந்து வச்சிடறேன், எல்லாம் வந்துடும். பொருள் திரும்ப வந்துடுச்சு, அவருக்கு கௌரவம், குழுவுக்குப் பேரு. உங்களையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. இன்னும் ஆறு மாசம் நீட்டிப்பாங்க, அவ்வளவுதான். போடலன்னா நாளைக்கே முடிச்சுடுவாங்க மேடம்." பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

பேனாவை எடுத்தேன். பொய் சொல்லவில்லை, எடுத்தேன். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். அப்போதுதான் "குடும்பச் சூழ்நிலை" என்ற அந்த இரண்டு வார்த்தை மறுபடி கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய வேலையில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டதற்காக, இதேபோல் ஒரு அறையில், இதேபோல் யாரோ டைப் அடித்த கடிதத்தில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகுகிறேன்" என்று இருந்தது. நான் விலக நினைக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். எல்லாருக்கும் நல்லது என்று அன்றைக்கும் ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

"அவர் திறக்கத் தெரியாம திறந்ததுக்கெல்லாம் என் குடும்பமா சார் கிடைச்சுது?" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இறுதி விசாரணை. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். நடுவில் இணை இயக்குநர், மேஜையில் அவருடைய மவுஸ். ஓரத்தில் என் நிரந்தரக் கோப்பு, நாடா கட்டி.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்றார் கிடங்கு ஐயா.

எழுந்தேன். "ஒண்ணும் காணாமப் போகல சார். நீங்க திறந்தது உள்ளே இருக்கிற ஃபோல்டர். வெளியே இருக்கிறதைத் திறந்தா எல்லாம் தெரியும்."

சமாதானம் கண்ணை மூடிக்கொண்டார். என் காலை மிதிக்க எட்டவில்லை.

"முப்பத்தோரு வருஷமா ஃபோல்டர் திறக்கறேன்" என்றார் இணை இயக்குநர், மெதுவாக. "எனக்குத் திறக்கத் தெரியாதுங்கறீங்க."

நேராகப் போய், அந்த மவுஸை எடுத்தேன். பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். பெரிய ஃபோல்டரைத் திறந்தேன். ஓடி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சுவரில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக மாட்யூல்கள் வந்து இறங்கின. கிடங்கு ஐயா எழுந்துபோய் விரலால் தொட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மொத்தம் தொண்ணூத்து மூணு" என்றார். "பொதுவைக் கழிச்சா தொண்ணூத்திரண்டு."

போச்சு, இனி இந்த அதிக நாற்பத்தாறை எங்கே திருடினாய் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் இணை இயக்குநரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"தொலைஞ்சது எத்தனை?"

"நாப்பத்தாறு சார்."

"மீட்டது?"

"தொண்ணூத்திரண்டு சார்."

"இருநூறு சதவீதம்!" என்றார். எழுந்து நின்றுவிட்டார். "எந்த வாரியத்துலயாவது இப்படி நடந்திருக்கா? தொலைச்சதைவிட அதிகமாக் கண்டுபிடிச்சிருக்கோம்! இதுதான் நிர்வாகம். தொலையவே இல்லன்னா இதை நாம கண்டுபிடிச்சிருப்போமா? எழுதுங்க. என் நேரடிப் பார்வையில் மீட்கப்பட்டதுன்னு எழுதுங்க." பிறகு என்னைப் பார்த்தார். பெருந்தன்மை பொங்கும் முகம். "இந்த மேடமும் மவுஸ் பிடிச்சு ஒத்துழைப்புக் குடுத்தாங்க. அதையும் போடுங்க."

கிடங்கு ஐயா போட்டார். பொருள் கிடைத்துவிட்டதால் களவு இல்லை, களவு இல்லாததால் விசாரணை இல்லை, விசாரணை இல்லாததால் கோப்பை நிறுத்திவைக்கக் காரணம் இல்லை. இணை இயக்குநர் நாடாவை அவிழ்த்து, கோப்பை உள்ளே திறந்தே பார்க்காமல், என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பழக்கத்தால் ஒரு நல்லதும் நடந்தது.

எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் என் இடத்துக்கு வந்தேன். பில்டு இன்னும் படுத்துதான் கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பேரன்ட் ஃபைலைத் திறந்தேன். "புதிய இருப்பு" என்பதிலிருந்து கீழே நாற்பத்தாறு வரிகளையும் பிடித்து அழித்தேன். அந்த நாற்பத்தாறு காலி ஃபோல்டர்களையும் அழித்தேன். ரீலோட் பட்டனை அழுத்தினேன். என்ன செய்தேன் என்று குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்டது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "தேவையில்லாததை நீக்கினேன்" என்று எழுதினேன். பதினோரு நிமிடத்தில் பில்டு டூல் நாற்பத்தேழு தடவை வெற்றி என்றது.

ஐந்தரை மணிக்கு மகள் போன் செய்தாள். "அம்மா, பதினாலு மூணு நிமிஷம்னு போட்டுது. மூணு நிமிஷத்துல நிஜமாவே வந்துடுச்சு! பஸ்ல இருந்துதான் பேசறேன். உன் வேலை?"

"இருக்குடி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தேன்.

வாசலில் காவலாளிக்கு இன்னும் புது உத்தரவு வரவில்லை போலிருக்கிறது. வழக்கம்போலப் பையைத் திறக்கச் சொன்னார். டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.

"மாட்யூல் ஏதாவது எடுத்தீங்களாம்மா?"

"இன்னைக்கு நாப்பத்தாறு எடுத்தேண்ணே" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். "போங்கம்மா, உங்களுக்கு எப்பவும் விளையாட்டுத்தான்" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.